ஆல்புமின் குறைந்தால் குறை சாப்பாட்டில்தானா?

சென்ற ஆண்டு ஒருவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் லேபுக்கு நேரில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ரத்தத்தில் அதிகமாக இருக்கும் புரதமான ஆல்புமின் என்ற வரியைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்: 2.4. இருக்க வேண்டிய அளவு 100 மில்லிக்கு 3.5 முதல் 5 கிராம் என்று பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. “புரோட்டீன் கம்மியா இருக்குன்னு ரெண்டு மாசமா பவுடர் வாங்கிக் குடிக்கிறேன் டாக்டர். அப்ப 2.9 இருந்துச்சு, இப்ப இன்னும் எறங்கியிருக்கு. மெஷின்ல ஏதாவது தப்பா?” என்று கேட்டார்.

மெஷினில் தப்பில்லை. அவர் காலைப் பார்த்தேன். கழற்றிவிட்ட செருப்பின் வார் பட்ட இடம் பள்ளமாகப் பதிந்து, நாங்கள் பேசி முடிக்கும்வரை அப்படியே இருந்தது. சிறுநீர் மாதிரி கொடுக்கச் சொன்னேன். குழாயை இரண்டு முறை மெதுவாகக் குலுக்கி ஸ்டாண்டில் வைத்தோம். மேலே வெள்ளை நுரை. சாதாரண நுரை சீக்கிரம் உடைந்து அடங்கிவிடும். இது பத்து நிமிடம் கழித்தும் அடங்கவில்லை. பரிசோதனைப் பட்டையை நனைத்ததும் மஞ்சளாக இருந்த கட்டம் அடர்பச்சைக்குப் போய்விட்டது. அவர் உடம்பு செய்துவைத்த ஆல்புமின் சிறுநீரக வடிகட்டி வழியாக நாள் முழுக்க ஒழுகிக்கொண்டிருந்தது. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினால்தான் என்ன?

நான் மருத்துவ உயிர்வேதியியல் மருத்துவர். ஊசி போடுவதில்லை, மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. புரதங்களை அளப்பதும், அந்த எண் என்ன சொல்கிறது என்று யோசிப்பதும்தான் என் வேலை. இந்த வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறான புரிதல் இதுதான்: ரிப்போர்ட்டில் புரதம் குறைந்தால் சாப்பாட்டில் புரதம் குறைந்துவிட்டது என்று நினைப்பது.

ஆல்புமினைச் செய்வது கல்லீரல், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம். செய்த ஆல்புமினில் பாதி தீர ஏறக்குறைய இருபது நாள் ஆகும். அதனால் நேற்றும் முந்தாநாளும் சாப்பிட்டது இந்த எண்ணில் தெரியாது. சாப்பாடே மிகவும் குறைந்து உடம்பு இளைத்துப்போனவர்களிடம்கூட ஆல்புமின் பல நேரங்களில் சரியாகவே இருக்கும். அது உண்மையில் குறைவது வேறு காரணங்களால். கல்லீரல் கெட்டிருக்கலாம், சிறுநீரகத்திலோ குடலிலோ ஒழுகலாம், உடம்பில் எங்காவது அழற்சி இருக்கலாம். தொற்றோ அழற்சியோ வந்தால் கல்லீரல் ஆல்புமின் செய்வதைக் குறைத்துக்கொண்டு, சி.ஆர்.பி. போன்ற வேறு புரதங்களைச் செய்யத் தொடங்கிவிடும். வீட்டில் தீப்பிடித்தால் யாரும் சமையலைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் அல்லவா? ஆல்புமின் குறைந்தால் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே போகிறது, ஏன் செய்யப்படவில்லை என்பது.

புரதம் என்றதும் தசை ஞாபகம் வருவதில் தப்பில்லை. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது, வெட்டுப்பட்டால் ரத்தத்தை உறைய வைப்பது, சர்க்கரையைச் செல்லுக்குள் விடச் சொல்வது, கிருமியை அடையாளம் காண்பது எல்லாமே புரதத்தின் வேலைதான். மனித மரபணுத் தொகுப்பில் புரதம் செய்யக் குறிப்பு வைத்திருக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. அடிப்படை எழுத்துகள் 20 அமினோ அமிலங்கள் மட்டுமே. அவை கோத்த சங்கிலி எப்படி மடங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சங்கிலியில் ஒரே ஓர் எழுத்து பிசகினால்கூட என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் சோகை நல்ல உதாரணம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் உட்கார்ந்துவிடுகிறது. அந்த ஒரே மாற்றம் போதும்: ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள இழைகளாகி, சிவப்பணுவையே அரிவாள்போல வளைத்துவிடுகின்றன. 1949ல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் இதை ‘மூலக்கூறு நோய்’ என்று அழைத்தார்கள். ஒரு நோயின் வேர் ஒரு புரதத்தின் அமைப்பில் இருக்கலாம் என்று உலகம் அப்போதுதான் தெளிவாகப் பார்த்தது.

அங்கிருந்து புரத ஆராய்ச்சி வெகுதூரம் வந்துவிட்டது. ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று 1963ல் இந்திய விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் போட்டுக் காட்டிய வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் ஒரு புரதத்தின் கட்டமைப்பு சரியா என்று சோதிக்கிறார்கள். சங்கிலி வரிசையை மட்டும் கொடுத்தால் மடிந்த வடிவத்தைக் கணித்துத் தரும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புதுப் புரதங்களையே வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் 2024ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய சாதனைதான். ஆனால் கணித்த வடிவம் கையில் இருப்பதும் மருந்து கையில் இருப்பதும் ஒன்றல்ல. அந்தப் புரதம் ஒரு நோயாளியின் உடம்பில் எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, எதோடு ஒட்டுகிறது என்பதை இன்னும் ரத்தத்திலும் திசுவிலும்தான் தேட வேண்டும்.

சரி, மறுபடியும் ரிப்போர்ட்டுக்கு வருவோம். ‘டோட்டல் புரோட்டீன்’ என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் கண் அதில் நிற்காது. அதிலிருந்து ஆல்புமினைக் கழித்தால் மிச்சம் குளோபுலின், அதாவது கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் உள்ளிட்ட மற்ற புரதங்கள். அந்தக் கழித்தலை நான் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன். ஒரு அம்மாவுக்கு எட்டு மாதமாக முதுகுவலி, வயசானால் வருவதுதான் என்று விட்டிருந்தார்கள். ஹீமோகுளோபின் 8. டோட்டல் புரோட்டீன் 10.4, ஆல்புமின் 3. மிச்சம் 7.4! சாதாரணமாக அது நான்கைத் தாண்டாது.

அவர் ரத்தம் உறைந்தபின் பிரிந்த தெளிநீரான சீரத்தில் மிச்சமிருந்த துளியை எடுத்து எலக்ட்ரோபோரிசிஸ் போட்டோம். ஜெல்லில் புரதங்களை மின்சாரத்தால் ஓடவிட்டுப் பிரித்துச் சாயமேற்றுவது அது. நாள்பட்ட தொற்றிலோ கல்லீரல் நோயிலோ ஆன்டிபாடிகள் வந்து நிற்கும் காமா பகுதி பரவலாக, மை கசிந்ததுபோல அகலமாகத் தெரியும். இவருடைய பட்டையில் பேனாவால் இழுத்ததுபோல ஒரே ஒரு கருநீலக் கோடு. ஒரே செல்லின் வாரிசுகள் ஒரே புரதத்தை அளவில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் மல்டிபிள் மைலோமா, அதாவது ஆன்டிபாடி செய்யும் செல்களில் வரும் புற்றுநோய், உறுதியானது.

அந்த அம்மாவின் சிறுநீரைப் பட்டையில் பார்த்தால் புரதம் லேசாகத்தான் தெரிந்தது. காரணம், அந்தப் பட்டை முக்கியமாக ஆல்புமினைத்தான் காட்டும். மைலோமாவில் வெளியேறும், ஆன்டிபாடியின் ஒரு துண்டான லேசான சங்கிலிப் புரதத்தைத் தவறவிடும். 1845ல் எலும்புவலியோடு இருந்த ஒரு நோயாளியின் சிறுநீர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற லண்டன் மருத்துவரிடம் வந்தது. அதிலிருந்த புரதம் சூடாக்கினால் படியும், கொதிக்கவிட்டால் மறுபடி கரையும் வகை. அவர் கையாண்ட அதே புரதத்தைத்தான் இன்றும் அவர் பெயரால் சொல்கிறோம். ஆகவே வயதானவருக்கு விடாத முதுகுவலி, ரத்தசோகை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் ஏற்றம் மூன்றும் சேர்ந்திருந்தால், பட்டையில் புரதம் இல்லை என்பதோடு நிறுத்தாமல் சீரம் எலக்ட்ரோபோரிசிஸ் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு நான் மன்றாடிக் கேட்பது ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 30க்கும் 300க்கும் இடையே போனால் வடிகட்டி கசியத் தொடங்கிவிட்டது. அந்தக் கட்டத்தில் நுரை இருக்காது, வலி இருக்காது, கால் வீங்காது, கிரியாட்டினின்கூடப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கசிவைக் குறைக்கும் மருந்துகள் நன்றாக வேலை செய்வதும் அப்போதுதான். காலையில் எழுந்ததும் வரும் சிறுநீரைக் கொடுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி இருந்தால் தள்ளிப்போடுங்கள். பொய்யாக ஏறிக் காட்டும். ஒரு முறை ஏறியிருந்தால் பயப்படாதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் ‘கேன்சர் இருக்கா பார்த்துடுங்க’ என்று சூலகப் புற்றுநோயில் ஏறும் சி.ஏ. 125 போன்ற புரதங்களை அளக்கச் சொல்கிறார்கள். மாதவிடாயிலும், கருப்பையின் உள்திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும்கூட அது ஏறும். அப்புறம் தூக்கமில்லாத இரவுகள், ஸ்கேன் மேல் ஸ்கேன். நோய் என்று தெரிந்தபின் சிகிச்சையைக் கண்காணிக்க அது அருமையான கருவி. சும்மா போட்டுப் பார்க்க அல்ல.

அந்த ஐம்பது வயதுக்காரரிடம் திரும்புவோம். சிறுநீரக மருத்துவர் பயாப்ஸி எடுத்தார். சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப்போகும் மெம்பிரனஸ் நெஃப்ரோபதி என்று தெரிந்தது. 2009 வரை இந்த நோயில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரியாது என்றுதான் எழுதுவோம். அந்த ஆண்டு பி.எல்.ஏ.2.ஆர். என்ற புரதம் அடையாளம் காணப்பட்டது. சிறுநீரக வடிகட்டியின் செல்களில் இயல்பாகவே இருக்கும் புரதம் அது. உடம்பே அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்து தாக்குகிறது. இவர் ரத்தத்திலும் அந்த ஆன்டிபாடி இருந்தது. பவுடரை நிறுத்தச் சொன்னார்கள். கசியும் வடிகட்டிக்கு மிதமிஞ்சிய புரதம் கூடுதல் சுமை. ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அதுவும் ஒரு ஆன்டிபாடி, ஆலையில் வளர்த்த புரதம். தவறான ஆன்டிபாடியைச் செய்யும் செல்களுக்கு முன்னோடியான பி செல்களை அது போய்ப் பிடிக்கிறது.

முதலில் இறங்கியது ஆன்டிபாடி அளவு. ஆல்புமின் ஏற அதற்கப்புறம் சில மாதங்கள் ஆயின. போன வாரம் வந்தபோது 3.6. அவரே குழாயை வாங்கி இரண்டு முறை குலுக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நுரை எழுந்தது, நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் அடங்கிவிட்டது.