உம்பிலோவின் அடியில் என்ன இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தின் உட்கோடியில் உம்பிலோ, உம்லாத்துசானா என்ற இரு ஆறுகளும் ஒரே கால்வாயாகச் சேர்ந்து வளைகுடாவில் விழுகின்றன. இந்த ஆறுகளோடு நமக்கு நெடுநாள் உறவு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் டர்பனின் ஆற்றங்கரைகளில் காய்கறி பயிரிட்டார்கள். 1875-இல் உம்பிலோ கரையில் கோயில் எழுப்பினார்கள். வளைகுடாவில் வலை வீசி மீன் பிடித்தார்கள். பிற்பாடு அதே கரைகளில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் வரிசை கட்டின.

இந்த ஆறுகளின் நிலை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் பேச்சு ஈகோலைக் கிருமியோடு நின்றுவிடுகிறது. சாக்கடை கலப்பது பெரிய கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் வரத்து நின்றால் அந்தக் கிருமி நாள்பட அழிந்துவிடும். ஆற்றடி வண்டலில் சேர்ந்த பாதரசம், காரீயம், பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி என்ற வேதிப்பொருள், டிடிடி என்ற பூச்சிக்கொல்லி ஆகியவை பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். ஒரு பாட்டில் நீரைச் சோதித்துவிட்டு ஆறு நலமாக இருக்கிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

நஞ்சு ஏன் நீரில் தங்காமல் சேற்றில் போய்ச் சேர்கிறது? காரணம் துகளின் அளவு. முழு மிளகைவிடப் பொடித்த மிளகின் காரம் குழம்பில் சீக்கிரம் இறங்குகிறதே, பரப்பு கூடுவதால்தான். களிமண் துகளும் அப்படித்தான். கையளவு களிமண்ணுக்குள் இருக்கும் மொத்தப் பரப்பு மிகப் பெரியது. அந்தப் பரப்பில் மின்னேற்றம் இருப்பதால் உலோக அயனிகள் ஒட்டிக்கொள்கின்றன. பிசிபி, டிடிடி போன்றவை நீரில் கரைய விரும்பாதவை. அவை சேற்றில் மட்கிய இலைதழையின் கரிமப் பொருளைத் தேடிப் போய்ச் சேருகின்றன. ஆற்றோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் மணல் மட்டும் நிற்கும். வேகம் தணியும் இடத்தில், அதாவது அணையிலும் கழிமுகத்திலும் துறைமுக மூலையிலும், இந்த நுண்துகள்கள் படியும். ஆகவே நஞ்சைத் தேடுபவர்கள் ஆலையின் குழாய் வாயோடு நிற்பதில்லை. அதற்குப் பல கிலோமீட்டர் கீழே, நீர் தயங்கி நிற்கும் இடத்துக்கும் போகிறார்கள்.

மேல் சேற்றை மட்டும் எடுக்க இரும்புக் கவ்வி போதும். பழைய கதை தெரிய வேண்டுமானால் நீளமான தெளிந்த குழாயைப் படுகைக்குள் அழுத்தி, அடுக்கு கலையாமல் மேலே இழுக்க வேண்டும். மேலே மெல்லிய பழுப்புப் படலம் இருக்கும். ஆக்சிஜன் அதுவரைதான் எட்டுகிறது. பல இடங்களில் சில மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே கருஞ்சேறு, அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கறுப்பு இரும்பு சல்ஃபைடு. இடையில் வெளிறிய மணற்பட்டை ஒன்று குறுக்கே ஓடினால், அது ஒரு வெள்ளம் விட்டுச்சென்ற தடமாக இருக்கலாம். குழாயை வெட்டித் திறந்து காற்றுப்பட வைத்தால் கருஞ்சேறு பழுப்பாக மாறத் தொடங்கும். சல்ஃபைடு ஆக்சிஜனோடு சேர்ந்து உடைகிறது என்பதற்கு அது அடையாளம். சல்ஃபைடோடு பிணைந்து கிடந்த துத்தநாகமும் காட்மியமும் அப்போது அவிழ்ந்து நீருக்குள் வரலாம். அதனால்தான் சில சோதனைகளுக்கான மாதிரிகளை நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்தே பிரிக்கிறார்கள். இந்தப் பழுப்பு மாற்றத்தை மறந்துவிடாதீர்கள். தூர்வாருவதன் ஆபத்தில் பெரும்பங்கு இதில் அடங்கியிருக்கிறது.

ஒவ்வோர் அடுக்கும் எந்த ஆண்டில் படிந்தது என்பதைக் காரீயம்-210 என்ற கதிரியக்க ஐசோடோப்பைக் கொண்டு கணிக்கிறார்கள். அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கணக்கை அதனால் சொல்ல முடியும், வெள்ளம் அடுக்குகளைக் கலைத்துப் போடாமல் இருந்தால்.

எண்களை வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பாறையிலேயே இயற்கையாகக் கொஞ்சம் உலோகம் இருக்கும், களிமண் கூடுதலாக வைத்திருக்கும். ஒரு மாதிரியில் துத்தநாகம் அதிகம் என்றால் ஆலைக் கழிவு காரணமா, வெறுமனே களிமண் அதிகமா? இதைப் பிரித்தறிய அலுமினியத்தையும் சேர்த்து அளக்கிறார்கள். அலுமினியம் களிமண்ணின் கட்டுமானத்திலேயே இருப்பது. பெரும்பாலும் மாசால் மாறாதது. இயற்கையில் அலுமினியத்துக்கு இவ்வளவு துத்தநாகம் என்று ஒரு விகிதம் உண்டு. அதற்கு மேல் துத்தநாகம் ஏறியிருந்தால் அது பெரும்பாலும் மனிதர் கொட்டியது.

இவ்வளவும் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கான விடை. உயிர்களுக்குள் எவ்வளவு போகிறது என்பது வேறு கேள்வி. சேற்றுப் புழுக்களையும் சிற்றிறால் இனங்களையும் அந்த வண்டலில் விட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று பார்க்கிறார்கள். மீனின் தசையையும் சோதிக்கிறார்கள். மடவை மீன் படுகையை மேய்ந்து, மண்துகள்களோடு சேர்த்து இரையை விழுங்கி, தசை வலுத்த இரைப்பையில் அரைக்கிறது. சேற்றுக்கும் நம் தட்டுக்கும் இடையே அதைவிடக் குறுகிய வழி கிடையாது.

பாதரசத்தின் வழி இன்னும் கொடியது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அது சிறு உயிரிலிருந்து சிறு மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்கும் போகப் போகச் செறிகிறது. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே இதற்குச் சான்று உண்டு. கேட்டோ ரிட்ஜில் இருந்த தோர் கெமிக்கல்ஸ் ஆலை வெளிநாடுகளின் பாதரசக் கழிவை இறக்குமதி செய்தது. அருகே ஓடும் உம்ங்செவேனி ஓடையின் வண்டலில் மிக அதிகப் பாதரசம் இருப்பது 1990 வாக்கில் வெளிவந்தது. அந்த ஓடை உம்கேனி ஆற்றில் சேர்கிறது. உம்கேனியின் நீர் இனாண்டா அணையில் தேங்குகிறது. ஆலையில் வேலை செய்தவர்கள் நஞ்சேறி இறந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ஆய்வு செய்தபோதும் அணை மீன்களில் பாதரசம் இருந்தது.

சரி, எப்படித் துப்புரவு செய்வது? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது தூர்வாரிவிடலாம் என்பதே. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் அப்படித்தான் செய்தார்கள். 25 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 25 பங்குக்கு மேல், பாதரசம் இருந்த சேற்றை 1977 முதல் 1990 வரை அகற்றினார்கள். மாசு மிகுந்த பகுதியைத் தடுப்புச்சுவரால் அடைத்து, வெளியே உறிஞ்சிய சேற்றை அதற்குள் கொட்டி, மேலே மண்ணிட்டு மூடினார்கள். 58 ஹெக்டேர் நிலம் உருவாயிற்று. அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் பிசிபி சேறு 2009 முதல் 2015 வரை வாரப்பட்டது. இரண்டும் தேவையான வேலைகள். ஆனால் வாரும்போது சேறு கலங்கும், காற்றுப் படும், நுண்துகள் கீழ்நோக்கிப் போகும். திரைகள் கட்டி, நீரின் கலங்கலை இடைவிடாமல் அளந்துகொண்டு செய்தால்தான் பலன். அள்ளிய சேற்றின் நீரை வடித்து, அந்த நீரையும் சுத்திகரித்து, மிச்சத்தைப் பாதுகாப்பான குழியில் சேர்க்க வேண்டும். செலவில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது.

வாராமல், மேலே சுத்தமான மணலைப் போட்டு மூடுவதும் உண்டு. அப்போது கேட்க வேண்டியது, அங்கே எந்த உயிர் எவ்வளவு ஆழம் துளைக்கிறது என்பது. டர்பன் வளைகுடாவின் மணல்திட்டுகளில் தூண்டில் இரைக்காகப் பிடிக்கப்படும் மணல் இறால் ஆழமாக வளை தோண்டி, கீழ் மண்ணை ஓயாமல் மேலே தள்ளுவது. அதன் வளையைவிட மூடி தடிமனாக இல்லையென்றால் புதைத்தது மறுபடி வெளியே வரும். செயலூட்டிய கரித்தூளைச் சேற்றில் கலப்பது இன்னொரு வழி. பிசிபி அந்தக் கரிக்குள் சிக்கிக்கொள்வதால் உயிர்களுக்குள் போவது குறைகிறது. காலப்போக்கில் புதிய வண்டல் படிந்து பழையதை மூடட்டும் என்று கண்காணித்தபடி காத்திருப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். நம் ஊரில் அதை நான் எளிதில் நம்பமாட்டேன். இங்குள்ள ஆறுகள் சரிவானவை, சீற்றம் கொண்டவை. 1987 செப்டம்பர் வெள்ளம் உம்கேனி கழிமுகத்தின் படுகையையே அரித்துக் கடலுக்குள் கொண்டுபோயிற்று. 2022 ஏப்ரலில் 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தை யார் மறப்பார்கள்? அத்தகைய நாளில் எத்தனை அங்குலம் அரிக்கப்படும் என்று கணக்கிடாமல் நஞ்சைப் புதைத்து வைக்கக்கூடாது.

எந்த முறையானாலும் வரத்தை முதலில் அடைக்க வேண்டும். மேலே ஆலைக் குழாயும் மழைநீர் வடிகாலும் கழிவைக் கொட்டிக்கொண்டிருக்க, கீழே வாருவது வீண் செலவு. எனவே நகராட்சிக் கூட்டத்திலோ வட்டார உறுப்பினரிடமோ ஆற்றைப் பற்றிப் பேசும்போது இவற்றைக் கேளுங்கள்: வண்டலைச் சோதித்தீர்களா? எந்த ஆழத்தில் எடுத்தீர்கள்? அலுமினியத்தோடு ஒப்பிட்டீர்களா? மீனைச் சோதித்தீர்களா? விடை வரும்வரை அந்தக் கால்வாய் வாயில் பிடித்த மீனைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். தோலையும் கொழுப்பையும் நீக்கினால் பிசிபி ஓரளவு குறையும். மெத்தில் பாதரசம் தசையில் பிணைந்திருப்பது. எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் போகாது.