ஓடவில்லை என்றால் பயமில்லை என்று அர்த்தமா?

அன்டார்டிகாவின் போர்ட் லாக்ராயில் போன வாரம் மறுபடியும் ஒரு முட்டை போனது. படம் எடுக்க வந்த ஒருவர் இன்னும் இரண்டடி முன்னால் போனார். கூட்டிலிருந்த ஜென்டூ பென்குயின் கழுத்தை நீட்டி எழுந்தது. கால்களுக்கு நடுவே வெள்ளையாக முட்டை தெரிந்ததுதான் தாமதம், ஸ்குவா பறவை கொத்திக்கொண்டு போய்ப் பக்கத்துப் பாறையில் வைத்து உடைத்தது. பென்குயின் திரும்ப உட்கார்ந்து வயிற்றுக்கடியில் அலகை விட்டுத் தேடியது.

"அது ஓடவே இல்லையே, பயமில்லைன்னு நினைச்சேன்" என்றார் அவர்.

கப்பல் வழிகாட்டியாக இதை நான் கேட்காத பயணமே இல்லை. அடைகாக்கிற பறவை எப்படி ஓடும்? இரண்டு முட்டை, ஏறக்குறைய 35 நாள், ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்கார வேண்டும். எழுந்தால் முட்டையைக் குளிர் தாக்கும், அல்லது ஸ்குவா தூக்கும். அதனால் பயந்தாலும் அசையாது. வெளியே சிலை மாதிரி இருக்கும்போதே உள்ளே இதயம் படபடவென்று அடிக்கும். நீங்கள் அமைதி என்று நினைப்பது அதன் பிடிவாதம். எழுந்து நிற்கிறது என்றால் நீங்கள் எப்போதோ எல்லை தாண்டிவிட்டீர்கள்.

போர்க்காலத்தில், 1944இல், பிரிட்டன் ரகசியமாக அமைத்த தளம்தான் இந்த போர்ட் லாக்ராய். 1962 வரை ஆய்வு நடந்தது. 1996இல் பழுதுபார்த்து, இப்போது அருங்காட்சியகமும் தபால் நிலையமுமாக இருக்கிறது. கறுப்புச் சுவர், சிவப்பு ஜன்னல். எல்லாருக்கும் அதன்முன் படம் வேண்டும். சுவரை ஒட்டியே கூடுகள் இருப்பதால், தயவுசெய்து பின்னால் பார்க்காமல் பின்னால் நகராதீர்கள்.

5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அது தானாக உங்களிடம் நடந்து வந்தால் சரி, அசையாமல் நின்று வழிவிடுங்கள். பனியில் உங்கள் கால் புதைந்த குழியை மூடிவிட்டு நகருங்கள். விழுந்த பென்குயினால் ஏற முடியாது. கூழாங்கல்லைப் பாக்கெட்டில் போடாதீர்கள், அது கூட்டுக்கான கல்.

அப்புறம் பூட்ஸ். 2024 பிப்ரவரியில் இந்த அன்டார்டிக் தீபகற்பத்திலேயே ஸ்குவாக்களிடம் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அதற்குப் பிறகும் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் பேருக்கு நனைத்துவிட்டு ஓடுகிறவர்களை என்ன சொல்வது? இறங்கும் முன்பும் ஏறிய பின்பும் தேய்த்துக் கழுவுங்கள். பையின் ஒட்டுப்பட்டையில் சிக்கிய புல்விதையைக் கப்பலிலேயே எடுத்துவிடுங்கள். கரையில் உட்காராதீர்கள், மண்டியிடாதீர்கள், பையைக் கீழே வைக்காதீர்கள்.

நல்ல படம் வேண்டுமென்றால் எங்களைக் கேளுங்கள். எந்த இடத்தில் நிற்கலாம் என்று நாங்களே காட்டுகிறோம்.