விமானம் தாழப் பறந்தால் மனுவை எங்கே கொடுப்பது?

பல்லடம் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். தலைக்கு மேல் விமானம் தாழப் போனால் கறிக்கோழிகள் மிரண்டு ஒரே மூலையில் ஏறிக் குவியும். அடியில் சிக்கியவை மூச்சடைத்துச் சாகும். அப்புறம் பண்ணைக்காரர் படும் அலைச்சல் தனிக்கதை.

விதி இவ்வளவுதான்: சிறிய விமானம் ஊருக்கு மேல் பறந்தால், விமானத்தைச் சுற்றி 600 மீட்டருக்குள் உள்ள மிக உயரமான கட்டடத்தைவிட 300 மீட்டர் மேலே இருக்க வேண்டும். தோட்டம், காடு என்றால் தரையிலிருந்து 150 மீட்டர். காற்றாலையும் உயர் அழுத்தக் கம்பியும் நிறைந்த நம் பக்கம் அதற்கும் கீழே இறங்கினால், இன்ஜின் மக்கர் செய்யும்போது விமானிக்குச் சமாளிக்க நேரம் கிடைக்காது.

பலர் சறுக்குவது இங்கேதான்: வந்தது யாருடைய விமானம்? சூலூர்ப் பக்கம் பறப்பது பெரும்பாலும் விமானப்படையுடையது. அதற்கு இந்தச் சிவில் விதி பொருந்தாது. சிவில் விமானங்களைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான டிஜிசிஏவுக்கு எழுதினால் மனு திரும்பித்தான் வரும். விமானப்படைத் தளத்துக்கு எழுதி, நகலைக் கலெக்டருக்கு அனுப்புங்கள். இறக்கையிலோ உடம்பிலோ 'விடி' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது சிவில் விமானம். இறங்கவும் ஏறவும் தாழப் பறப்பதற்கு விலக்கு உண்டு. அதனால் கோவை விமான நிலைய ஓடுபாதையை ஒட்டிய சின்னியம்பாளையத்துக்காரர் மனு நிற்காது.

காவல் நிலையத்தில் "இது எங்க லிமிட் இல்லீங்க" என்பார்கள். பாதி உண்மை, விமானச் சட்டத்தில் வழக்கு நடக்க டிஜிசிஏ போன்ற மத்திய அமைப்பின் புகாரோ அனுமதியோ வேண்டும். இருந்தாலும் மனு ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். 'ஏர்சேவா' தளம் பயணிகள் குறைக்கு; அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். மத்திய அரசின் குறைதீர் தளமான சிபிகிராம்ஸில் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் போடுங்கள். டிஜிசிஏ சென்னை அலுவலகத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நகல்.

நியாயமான உயரத்தில் பறந்திருந்தால், மேலே போனது என்பதை மட்டும் வைத்துச் சிவில் வழக்குப் போட முடியாது. ஆகவே உயரத்துக்குச் சாட்சி வேண்டும். வீடியோவில் ஜூம் செய்யாதீர்கள். மின்கோபுரமோ தென்னையோ விமானத்தோடு சேர்ந்து தெரிய வேண்டும். செத்த கோழியைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். "விமானத்தால் செத்தது" என்று அவர் எழுதமாட்டார், வற்புறுத்தவும் வேண்டாம். மூச்சடைப்பு, எண்ணிக்கை, பார்த்த நேரம் இருந்தால் போதும்.

ட்ரோன் என்றால் நேரே காவல் நிலையம்தான்.