புக்கி கணக்கு எழுதுவது எப்படி?

'புக்மேக்கர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பேச்சில் சுருக்கியதுதான் 'புக்கி'. இதிலுள்ள 'புக்', பந்தயப் பணம் வாங்குபவர் வைத்திருக்கும் பேரேடு. ஒவ்வொரு குதிரையின் பெயருக்குக் கீழும் வாங்கிய தொகை, ஒப்புக்கொண்ட விகிதம், அந்தக் குதிரை ஜெயித்தால் கொடுக்க வேண்டிய மொத்தம் ஆகியவை அதில் ஏறிக்கொண்டே போகும். நம் செய்தித்தாள்களில் கிரிக்கெட் சூதாட்ட வழக்குகளோடு சேர்ந்தே புக்கி என்ற பெயர் அடிபடுகிறது. பிரிட்டனிலோ அவர் உரிமம் பெற்ற வியாபாரி. 1961 மே மாதம் முதல் அங்கே தெருக்களில் சட்டப்படி பந்தயக் கடைகள் இருக்கின்றன.

இந்தத் தொழில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் ஓட்டக்களத்தில் உருவானது. அதற்கு முன் பணக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொண்டார்கள். ஒரு குதிரை ஒரு பக்கம், மற்றவை எல்லாம் மறுபக்கம் என்பதே வழக்கம். 1790-களில் ஹாரி ஆக்டன் என்பவர் ஓடும் குதிரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விகிதம் சொல்லி, யார் வந்தாலும் பணம் வாங்கினார் என்பது பந்தய வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படுவது. ஒரு குதிரையை நம்பி எதிரே நிற்பதை விட்டுவிட்டு, எல்லாக் குதிரைகளையும் ஒரே ஏட்டில் கொண்டுவந்ததால்தான் லாபத்தைக் கணக்குப் போட முடிந்தது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2/1 என்று பலகையில் எழுதினால், 1 பவுண்டு கட்டியவருக்கு 2 பவுண்டு லாபமும் கட்டிய 1 பவுண்டும் சேர்ந்து 3 பவுண்டு திரும்பும். அதாவது அந்தக் குதிரைக்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, 33.3% என்று விலை வைத்திருக்கிறார். ஆறு குதிரைகள் ஓடுகின்றன. விகிதங்கள் 2/1, 3/1, 4/1, 6/1, 8/1, 10/1. இவற்றைச் சதவீதமாக மாற்றினால் 33.3, 25, 20, 14.3, 11.1, 9.1. கூட்டினால் 112.8 வருகிறது. ஒரு பந்தயத்தில் ஏதாவது ஒரு குதிரைதான் ஜெயிக்கும் என்பதால் உண்மையான வாய்ப்புகளின் கூட்டல் 100-ஐத் தாண்டாது. கூடுதலாக நிற்கும் 12.8-க்கு ஓவர்ரவுண்ட் என்று பெயர். புக்கியின் பிழைப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது.

அந்தச் சதவீதங்களின் அளவிலேயே பணம் வந்து விழுந்தால், முதல் குதிரைக்கு 3,333 பவுண்டு, அடுத்ததற்கு 2,500, பிறகு 2,000, 1,429, 1,111, 909 என்று மொத்தம் 11,282 பவுண்டு சேரும். எது ஜெயித்தாலும் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 10,000. மீதி 1,282 அவருக்கு.

ஆனால் பணம் அப்படி அளந்து வருவதில்லை. 2/1 குதிரைக்கு மட்டும் 5,000 வந்துவிட்டது, மற்றவற்றுக்கு முன்போலவே வந்தது என்று வையுங்கள். மொத்த வரவு 12,949. அந்தக் குதிரை ஜெயித்தால் 15,000 கொடுக்க வேண்டும், 2,051 நஷ்டம். முதல் வைத்தியம், அந்தக் குதிரையின் விகிதத்தை 7/4-க்குக் குறைத்து மற்றவற்றை ஏற்றுவது. அப்போது புதிதாக வருபவர்கள் வேறு பக்கம் திரும்புவார்கள். அது போதாதென்றால் புக்கியே இன்னொரு புக்கியிடம் போய் அதே குதிரைக்குப் பணம் கட்டுவார். 2/1 கிடைக்கும்போதே 1,200 கட்டினால், குதிரை ஜெயித்தாலும் 349 மிஞ்சும். அடுத்தவரும் 7/4-க்கு இறக்கிய பிறகு போனால் 49 தான். களத்தில் இந்த வேகம் எவ்வளவு முக்கியம் என்பதை 'டிக்-டாக்' எனப்பட்ட சைகைக்காரர்களே காட்டினார்கள். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, மாறும் விகிதங்களைக் கைச்சைகையால் தூரத்திலிருப்பவர்களுக்குச் சொல்வார்கள். இரண்டு கையும் தலைமேல் போனால் 9/4. கைப்பேசி வந்ததும் அந்தக் கலை மறைந்துவிட்டது.

குதிரை கடைசி நேரத்தில் விலகினாலும் கணக்கு கெடும். முன்பே பழைய விகிதத்தில் கட்டியவர்களுக்கு எதிர்ப்பு ஒன்று குறைந்துவிடுகிறது அல்லவா? பிரிட்டனில் இதற்கு டாட்டர்சால்ஸ் நான்காம் விதி இருக்கிறது. 2/1-இல் இருந்த குதிரை விலகினால், ஜெயித்தவர்களின் லாபத்தில் பவுண்டுக்கு 30 பென்ஸ் பிடித்தம். கட்டிய பணத்தைத் தொட மாட்டார்கள். 14/1-க்கு மேல் விகிதமுள்ள குதிரை விலகினால் பிடித்தமே கிடையாது.

கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது தொடர்பந்தயம். ஒன்றில் ஜெயித்தது அடுத்ததற்குப் போகும் இந்த முறையில் ஓவர்ரவுண்டும் சேர்ந்தே பெருகுகிறது. மேலே சொன்னது போன்ற மூன்று பந்தயங்களைக் கோத்தால், 1.128-ஐ மூன்று முறை பெருக்கி ஏறத்தாழ 1.435. கட்டும் ஒவ்வொரு 100-லும் சராசரியாக 30 பவுண்டு புக்கிக்குப் போகிறது. ஒற்றைப் பந்தயத்தில் அது 11 பவுண்டுதான். பெரிய தொகை கிடைக்கும் என்ற கவர்ச்சியில் இதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, அதனால்தான் கடைகள் தொடர்பந்தயத்தை விரும்பி விற்கின்றன.

அதே தொடர்பந்தயம் புக்கிகளின் கழுத்தையும் பிடித்தது. 1996 செப்டம்பர் 28, இங்கிலாந்தின் ஆஸ்காட் ஓட்டக்களம். ஃபிராங்கி டெட்டோரி அன்றைய ஏழு பந்தயங்களிலும் சவாரி செய்தார். நாடெங்கும் ஏராளமான ரசிகர்கள் அவருடைய குதிரைகளை மட்டும் கோத்துப் பணம் கட்டியிருந்தார்கள். ஆறு ஜெயித்தாகிவிட்டது. ஏழாவது, ஃபுஜியாமா கிரெஸ்ட். காலையில் அதன் விகிதம் 12/1. தொடர்பந்தயங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பந்தயம் தொடங்கும் நேரத்து விகிதப்படிதான் பணம் தர வேண்டும். ஆகவே கடை நிறுவனங்கள் தங்கள் பணத்தைக் களத்துக்கு அனுப்பி அந்தக் குதிரை மேல் கொட்டின. பாதுகாப்பும் கிடைக்கும், விகிதமும் விழும். விழுந்து விழுந்து 2/1-க்கு வந்தது. காலையில் 8% கூட இல்லாத வாய்ப்புக்கு இப்போது 33% விலை. குதிரையோ அதே குதிரை. களத்துப் புக்கிகள் சிலர் இதைப் பார்த்து, இவ்வளவு குறைந்த விகிதத்தில் பணம் வாங்குவது லாபம் என்று கணக்கிட்டு வாங்கிக் குவித்தார்கள். கணக்கு சரிதான். ஆனால் தள்ளிவிட எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. எல்லார் பணமும் ஒரே குதிரை மேல். ஃபுஜியாமா கிரெஸ்ட் கழுத்து நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. ஏழையும் கோத்தவருக்கு 1 பவுண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் சேர வேண்டியிருந்தது. புக்கிகளுக்கு அன்று மாலைக்குள் கோடிக்கணக்கான பவுண்டு நஷ்டம்.