படகில் உடம்பு, பத்து மைல் தள்ளி மனசு

காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் சூரிய உதயப் படத்தோடு ஒரு வரி வந்து கிடக்கிறது: ‘இந்த நொடியில் வாழுங்கள்’. படத்தில் பெரும்பாலும் கடல் இருக்கும். அனுப்பியவர் கடலுக்குப் போகிறவராக இருக்க மாட்டார் என்பது என் ஊகம். பாம்பனிலோ கீழக்கரையிலோ சுக்கான் பிடிக்கிறவர் அந்த வரியை அப்படியே கடைப்பிடித்தால், விடிவதற்குள் படகைக் கடலடிப் பாறையில், அதாவது பாரில், ஏற்றியிருப்பார்.

ராமநாதபுரம் கரையில் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும், பாக் விரிகுடாவை வடகடல் என்றும் சொல்வார்கள். தெற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடக்கிலிருந்து வாடை வந்தால் வடகடலின் முறை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே வரிசையாக 21 தீவுகள். அவற்றில் இரண்டு இப்போது நீருக்கடியில் போய்விட்டன. சுற்றிலும் பவளப் பார்கள். இருட்டில் இதற்கு நடுவே போகிற ஆளுக்குக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அடுத்த அலை மட்டும்தான். மீதியெல்லாம் கணக்கு. எங்கே கிளம்பினோம், எந்தத் திசை, என்ன வேகம், எவ்வளவு நேரம் ஆச்சு. இதை வைத்து ‘இப்போது இங்கே இருக்க வேண்டும்’ என்று மனதுக்குள் ஒரு புள்ளி வைக்கிறார்.

இந்தக் கணக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. பிழை சேர்ந்துகொண்டே போகும். திசை 5 பாகை பிசகினால், 10 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது படகு ஏறக்குறைய 870 மீட்டர் தள்ளி நிற்கும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பக்கவாட்டில் இழுத்தால் இன்னும் கூடும். கணக்கை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் அந்தப் பிழை கணக்குக்குள்ளிருந்தே தெரியாது. அதைத் திருத்த வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். பாம்பன் கலங்கரை விளக்கின் வெளிச்சம், ராமேஸ்வரம் டிவி டவரின் சிவப்பு விளக்கு, இல்லை நங்கூரத்தைத் தூக்கும்போது அதன் கொம்பில் ஒட்டி வருவது சேறா மணலா என்பது. ஈரச் சேற்றை விரலால் தேய்த்துப் பார்க்கிற அந்தச் சில வினாடிகள் ஆள் முழுக்க அங்கேதான் இருக்கிறார். பிறகு புள்ளியைச் சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி முன்னால் ஓடுகிறார், மனதுக்குள்.

மூளையும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது. காதுக்கு உட்புறமாக, மூளையின் இரண்டு பக்கமும், கடல்குதிரைபோல வளைந்து கிடக்கும் பகுதி ஹிப்போகாம்பஸ். (நிஜக் கடல்குதிரை வடகடல் வலையில் மாட்டுவதுண்டு, 2001 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம், விற்றால் வழக்கு.) 1971இல் மூளை ஆய்வாளர் ஜான் ஓ’கீஃப் எலியின் ஹிப்போகாம்பஸில் ஒரு விநோதத்தைக் கண்டார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு செல் துடிக்கிறது. வேறு இடத்துக்குப் போனால் வேறு செல். 2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழு, பக்கத்துப் பகுதியிலேயே இன்னொரு வகைச் செல்களைக் கண்டது. அவை ஒரே இடத்தில் துடிப்பதில்லை. தரை முழுக்கச் சம தூர முக்கோணக் கட்டம் போட்டதுபோலப் பல புள்ளிகளில் துடிக்கின்றன, விளக்கை அணைத்தாலும்கூட. எத்தனை அடி நடந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று கணக்கு வைப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கட்டச் செல்களிலும் பிழை சேருகிறது. 2015இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு அதைத் துல்லியமாகக் காட்டியது. சுண்டெலி கடைசியாகச் சுவரைத் தொட்டு எவ்வளவு நேரம் ஆனதோ, எவ்வளவு தூரம் ஓடியதோ, அந்த அளவுக்குக் கட்டச் செல்களின் துடிப்பு சரியான இடத்திலிருந்து விலகிப் போகிறது. சுவரை மறுபடி சந்தித்ததும் விலகல் திருந்திவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எலி நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தயங்குவதை எட்வர்ட் டோல்மன் போன்ற உளவியலாளர்கள் சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலேயே கவனித்திருந்தார்கள். அது வெறும் குழப்பமா, யோசனையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2007இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜான்சன், ரெடிஷ் இருவரும் அந்த நேரத்தில் ஹிப்போகாம்பஸ் என்ன செய்கிறது என்று பதிவு செய்தார்கள். எலி அசையாமல் நிற்கிறது. ஆனால் துடிப்பது நிற்கிற இடத்துக்கான செல்கள் அல்ல. முன்னால் இருக்கும் பாதைக்கான செல்கள். முதலில் ஒரு பக்கப் பாதை நெடுகத் துடிப்பு ஓடுகிறது, பிறகு மறுபக்கம். உடம்பு சந்தியில் நிற்க, மூளை இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. பாதை பழகப் பழக இந்தத் தயக்கம் குறைந்து, எலி நிற்காமல் ஓடும்.

மனிதர்களிடம் இதே கதை சோகமாகத் தெரியவந்தது. கடும் வலிப்பைக் குறைக்க 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு இரண்டு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் அதைச் சுற்றிய பகுதிகளும் அகற்றப்பட்டன. அதற்குப் பிறகு 2008இல் இறக்கும்வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், புதிதாக நடந்த ஏறக்குறைய எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. நிகழ்காலத்தில் மட்டும் வாழ்வது என்றால் சொல்லுக்குச் சொல் என்ன பொருள் என்பதற்கு அவரைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது. அதை யாரும் வரமாகக் கேட்க மாட்டார்கள். 2007இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மகுவயர் குழு, ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்ட ஐந்து பேரிடம் ஒன்றைக் கேட்டது: வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு மணல், சத்தம் என்று துண்டு துண்டாகத்தான் வந்தது. துண்டுகள் சேர்ந்து ஓர் இடமாகவில்லை. பழையதை நினைவுகொள்வதும், வராததைக் கற்பனை செய்வதும், வழி கண்டுபிடிப்பதும் பெரிய அளவில் ஒரே கருவியை நம்பியிருக்கின்றன.

அந்தக் கருவி சும்மா இருக்கத் தெரியாதது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்கிறது. எதையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தச் செலவு குறையவே இல்லை என்பது ஆய்வாளர்களைத் துளைத்தது. வேலையில் மூழ்கினால் அடங்கி, வேலை இல்லாதபோது எழுந்துகொள்ளும் ஒரு கூட்டணி மூளையில் இருப்பதை 2001இல் மார்கஸ் ரெய்க்லே விவரித்தார். ஹிப்போகாம்பஸ் அந்தக் கூட்டணியோடு நெருங்கிய தொடர்புள்ளது. நேற்றைய சண்டை, அடுத்த மாத வட்டி, மகளின் கல்யாணம் எல்லாம் ஓடுவது இங்கேதான்.

2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரின் செல்போனுக்கு நேரம் காலமில்லாமல் கேள்வி அனுப்பி, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது’ என்று கேட்டார்கள். 46.9 சதவீத முறை மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலையும்போது மகிழ்ச்சியும் குறைவாகவே பதிவானது. வாட்ஸ்அப் வரிகளுக்கு அறிவியல் முத்திரை கிடைத்தது இதற்குப் பிறகுதான். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை: இனிமையான விஷயத்தை நோக்கி அலைந்த மனம், கையில் உள்ள வேலையில் இருந்த மனதைவிடக் கவலையாக இல்லை.

படகில் தாய்மாமன் மருமகனைக் கேட்கிற கேள்வியும் அதேதான்.

“என்ன மாப்ள, எங்கன இருக்க?”

“இந்தா இங்கனதான் மாமா.”

“இங்கன எங்க இருக்க? நீ துபாய்ல இருக்க. கயித்தப் பாரு, கால்ல சுத்திக்கிட்டு கெடக்கு.”

டிப்ளமோ முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பையன்கள் இந்தக் கரையில் ஊருக்கு ஊர் உண்டு. அவன் துபாய்க்குப் போய்ப் பார்த்து வருவதில் தப்பே இல்லை. சந்தியில் நிற்கும் எலி செய்வதைத்தான் செய்கிறான். ஏஜெண்டுக்குக் கட்டும் பணம், முதல் ஆறு மாதச் சம்பளம், அம்மாவின் மூட்டுவலி என்று ஒரு பாதையை ஓட்டிப் பார்த்து, வல்லம் என்கிற சிறு படகு வாங்கிச் சொந்தத் தொழில் என்று மறுபாதையையும் ஓட்டிப் பார்க்கிறான். சிக்கல் வருவது வெளிச் சாட்சி இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்போது. ‘நமக்கு ஒன்றும் அமையாது’ என்ற ஒரு சின்னப் பிசகு, திருத்தப்படாமல் இரவெல்லாம் ஓடினால், விடியும்போது ஆளை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். இது என் ஊகம். சுவரைத் தொட்ட சுண்டெலியை வைத்துக் கவலையை அளந்தவர்கள் யாருமில்லை. ஆனாலும் மூச்சைக் கவனி, காலடி மண்ணைக் கவனி என்று தியானம் சொல்லித் தருபவர்கள் சொல்வது வேலை செய்கிறதென்றால், அது இந்த வழியில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பல காலம் தியானம் பழகியவர்களுக்கு அந்த ஓய்வுநேரக் கூட்டணியின் முக்கியப் பகுதிகள் அடங்கியிருப்பதை 2011இல் யேல் பல்கலைக்கழக ஆய்வும் பதிவு செய்திருக்கிறது. கயிற்றைப் பார் என்று மாமா சொல்வதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. துபாயை மறந்துவிடு என்று அவர் சொல்லவில்லை.

ஜிபிஎஸ் வந்த பிறகு கடலில் இந்தக் கணக்கெல்லாம் தேவையா என்று கேட்கலாம். 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு வரைந்த எல்லைக் கோடு தண்ணீரில் தெரியாது, திரையில்தான் தெரியும். அதனால் கருவி கட்டாயம் வேண்டும். ஆனால் 2020இல் கனடாவில் ஓட்டுநர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களுக்கு, அது இல்லாமல் வழி கண்டுபிடிக்க வேண்டிய சோதனையில் இட நினைவு மங்கலாக இருந்தது. மகுவயர் 2000இல் லண்டன் டாக்சி ஓட்டுநர்களிடம் கண்டது இதன் மறுபக்கம்: நகரத் தெருக்களை மனப்பாடமாகச் சுமக்கும் அவர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. தினமும் ஒரே தடத்தில் போகும் பஸ் ஓட்டுநர்களுக்கு அந்த அளவு இல்லை என்று 2006இல் காட்டினார்.

மனதை அலையவிடுவதற்கென்றே இந்தக் கரையில் ஒரு பருவம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. படகு கரையேறிவிடும், ஆட்கள் நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டிருப்பார்கள். கைக்குப் பழகிப்போன வேலையில் மனம் அதிகம் அலையும் என்பதும், அப்படி அலையும்போது பெரும்பாலும் எதிர்காலத் திட்டத்தின் பக்கமே சாயும் என்பதும் உளவியல் சோதனைகளில் பார்த்தது. எஞ்சினை மாற்றுவதா, கடனை அடைப்பதா, பையனை வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்கிற பேச்சு வீட்டில் எழுவதும் அந்த இரண்டு மாதத்தில்தான் அதிகம். ஊசி கையில் குத்தும்போது மட்டும் பேச்சு நிற்கும். கிழிசல் எதுவரை வந்திருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு மறுபடி தொடங்குவார்கள்.