கைதான மறுநாளே பேப்பரில் ‘குற்றவாளி’ ஆக்கிவிட்டார்களா? வேலூரில் யாரிடம் போவது, யாரிடம் போய்ப் பயனில்லை

வீட்டில் ஒருவர் கைதாகி, படத்தோடு செய்தியும் வந்துவிட்டால் குடும்பம் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. ‘பேப்பர்காரன் போட்டதுக்கு நாங்க என்ன பண்றது’ என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. அது எஸ்.பி. அலுவலகம் போய், அங்கிருந்து ‘உரிய நடவடிக்கைக்கு’ என்ற குறிப்போடு அதே காவல் நிலையத்துக்கே வந்து சேரும். மனுவுக்குக் கொடுத்த ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய கெடு அதற்குள் முடிந்து போயிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பத்திரிகைச் சுதந்திரம் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவில் இருந்து வருகிறது. நியாயமான விசாரணை 21வது பிரிவில் இருந்து வருகிறது. இரண்டுமே நமக்கு வேண்டும். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றதே, அவர்களில் பலர் பழைய வட ஆற்காட்டு ஜவ்வாது மலைப் பக்கத்துக்காரர்கள். முதல் நாள் செய்தியிலேயே ‘செம்மரக் கடத்தல்காரர்கள்’ ஆகிவிட்டார்கள். எந்தக் கோர்ட்டும் அவர்களை விசாரித்து அப்படிச் சொல்லவில்லை. போலீஸ் சொன்ன கதையில் ஓட்டை இருக்கிறது என்று கேள்வி கேட்டு எழுதியதும் பத்திரிகைகள்தான். அதனால் ‘பேப்பரையே தடை செய்யணும்’ என்று மனுவில் எழுதாதீர்கள். வெளிவருமுன்பே அரசு தடுக்க முடியாது என்று ஆட்டோ சங்கர் சுயசரிதை பற்றிய நக்கீரன் வழக்கில் 1994லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எதைப் பற்றிப் புகார் செய்யலாம்? ‘இன்னார் இந்த வழக்கில் கைது’ என்பது நடந்த விஷயம். அதில் வழக்கு இல்லை. கைதானவர் பெயரையும் முகவரியையும் காவல் நிலையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 37வது பிரிவே சொல்கிறது. ஆள் காணாமல் போய்விடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. கோர்ட்டில் நடந்ததை நேர்மையாக எழுதினாலும் குற்றமில்லை. ‘கொலைகாரன் சிக்கினான்’, ‘திருட்டுக் கும்பல் தலைவி’ என்று தீர்ப்பையும் சேர்த்து எழுதுவதுதான் பிரச்சினை.

‘போலீசில் பரபரப்பு வாக்குமூலம்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் பாதிக் குடும்பங்கள் நம்பிக்கை இழந்து, ஜாமீனுக்குக் கூட வக்கீலைப் பார்க்காமல் உட்கார்ந்துவிடுகின்றன. உட்காராதீர்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கைதானவருக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. முன்பு சாட்சியச் சட்டம் 25, 26, இப்போது பி.எஸ்.ஏ. 23வது பிரிவு. அவர் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கைப்பற்றியிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். பேப்பரில் அரைப் பக்கம் வந்தாலும் இதுதான் நிலை.

படம் வேறு விஷயம். சாட்சிகள் ஆளை அடையாளம் காட்ட வேண்டிய வழக்கில், அடையாள அணிவகுப்புக்கு முன்பே படம் வந்துவிட்டால் சாட்சி பார்த்தது ஆளையா படத்தையா என்ற கேள்வி எழும். அணிவகுப்பின் மதிப்பே குறைந்துவிடும். ஆகவே அன்றைய பேப்பரைக் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். தேதி தெரியும்படி முழுத் தாளையும் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். ரிமாண்டுக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போதே ‘படம் எடுத்து வெளியிட்டார்கள்’ என்று சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யோசித்துச் சொன்னதாக ஆகிவிடும்.

அந்தப் படம் போனது பெரும்பாலும் போலீஸ் பிரஸ் நோட்டோடுதான். கைதானவர்களை ஊடகத்தின் முன் காட்சிக்கு நிறுத்தக் கூடாது என்று மத்திய உள்துறை 2010லேயே அறிவுறுத்தியது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு முறையான நெறிமுறை தயாரிக்கச் சொன்னது. காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மீறிக் காட்சிக்கு நிறுத்தினால் சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம், கெடு ஓராண்டு. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மனுவில் ‘என் மகன் நிரபராதி’ என்று நாலு பக்கம் எழுதினால், வழக்கு கோர்ட்டில் இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவிட இடம் கொடுத்ததாக ஆகும். காட்சிக்கு நிறுத்தியதை மட்டும் எழுதுங்கள்: எந்த நாள், எந்த நிலையம், எந்தப் பேப்பர்.

இனி பேப்பர்மேல் புகார். டெல்லியில் உள்ள இந்தியப் பத்திரிகைக் கவுன்சில்தான் இடம். பலரும் தவறவிடுவது நாலு விஷயம். முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். எழுதாமல் நேரே போனால் திருப்பி விடுவார்கள். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்து 2 மாதத்துக்குள் கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும். தமிழ்ச் செய்திக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். (பேரணாம்பட்டில் இருக்கும் ஒரு அம்மா இதை யாரிடம் போய்ச் செய்து வாங்குவார் என்று யாரும் யோசிக்கவில்லை.) நாலாவதுதான் மோசம்: கோர்ட்டில் நிலுவையில் உள்ள விஷயத்தைக் கவுன்சில் விசாரிக்காது. ஆகவே அதே செய்திக்காக அவதூறு வழக்கும் போட்டுவிட்டால் இந்த வழி அடைபடும். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கவுன்சில் ஜெயித்துக் கொடுத்தாலும் கிடைப்பது கண்டனம்தான்; அபராதம் போடும் அதிகாரம் அதற்கு இல்லை.

டி.வி., யூடியூப் எதுவும் கவுன்சிலின் கீழ் வராது. செய்தி சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.டி.எஸ்.ஏ.வுக்குப் போவதென்றால் ஒளிபரப்பான 7 நாளுக்குள் சேனலுக்கு எழுதியிருக்க வேண்டும். அந்த அமைப்பில் உறுப்பினராக உள்ள சேனலாகவும் இருக்க வேண்டும். உள்ளூர் கேபிள் சேனல் அதில் இருக்குமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், தபால் செலவாவது மிச்சம்.

அவதூறு என்று காவல் நிலையம் போவது வீண் அலைச்சல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். 356வது பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப் புகார்தான் போட வேண்டும். ‘சி.எஸ்.ஆர். போட்டுட்டோம், போங்க’ என்று புகார் வாங்கியதற்கான ஒரு சீட்டு கொடுத்தால் வேலை நடப்பதாக நினைத்துக் காத்திருக்காதீர்கள். நஷ்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடுவதற்குக் கெடு ஓராண்டுதான். வழக்கில் விடுதலையான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் எல்லோரும் இதில்தான் ஏமாந்தார்கள். நம் ஊர் வழக்கு எது ஓராண்டில் முடிந்திருக்கிறது?

கோர்ட் அவமதிப்பு என்று சிலர் ஆசை காட்டுவார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்ற வழக்கு ‘நிலுவையில்’ இருப்பதாகக் கணக்கெடுப்பது குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு, அல்லது கோர்ட் சம்மனோ வாரன்ட்டோ அனுப்பிய பிறகுதான். கைதான முதல் வாரத்தில் வந்த செய்தி பெரும்பாலும் இதில் சிக்காது. தனிநபர் போட வேண்டும் என்றால் அரசு தலைமை வழக்கறிஞரின் சம்மதம் வேறு வேண்டும். செய்தி வெளியீட்டைக் கொஞ்ச காலம் தள்ளிவைக்கும்படி கேட்கலாம் என்று சகாரா வழக்கில் 2012ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது உண்மை. அதற்கு உயர் நீதிமன்றம் போக வேண்டும், விசாரணை கெடும் என்பதற்கு உறுதியான ஆபத்தைக் காட்ட வேண்டும். சத்துவாச்சாரியில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஃபீஸ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

காவல் நிலையமே சரியான இடம் என்று ஆவதும் உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரோ அடையாளமோ வெளியானால் பி.என்.எஸ். 72, 2 ஆண்டு வரை சிறை; புகாரை வாங்கியே ஆக வேண்டும். ‘காட்பாடியைச் சேர்ந்த’ என்று தொடங்கி அப்பாவின் வேலை, தெரு, பள்ளி எல்லாம் எழுதிவிட்டுப் பெயரை மட்டும் விட்டாலும் அடையாளம் வெளியானதுதான். வழக்கில் சிக்கியது 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை என்றாலும் பெயர், படம், பள்ளி எதுவும் வரக் கூடாது. அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்தில் கொடுங்கள்.

2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறந்து ஆம்பூர், ஆற்காட்டில் இருந்து இன்னும் வேலூர் எஸ்.பி. ஆபீசுக்கு வருகிறார்கள். ஆம்பூருக்குத் திருப்பத்தூர், ஆற்காட்டுக்கு ராணிப்பேட்டை.

செய்தி பரபரப்பானதால் எந்த வக்கீலும் வழக்கை எடுக்க மாட்டேன் என்கிறார்களா? இன்னாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டாலும் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010ல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள், 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று வாங்கி வா என்று தாலுகா ஆபீசுக்கு அனுப்பினால், சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12வது பிரிவைச் சொல்லி அங்கேயே நில்லுங்கள்.

விடுதலையான பிறகும் பழைய வீடியோ நெட்டில் கிடக்கும். தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு சேனலுக்கும் யூடியூபின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள். குறித்த கெடுவுக்குள் பதில் தர வேண்டும். தீர்ப்பில் இருந்தே பெயரை மறைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஒரு வழக்கில் உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதை நம்பி இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். ‘அஞ்சாயிரம் குடுங்க, வீடியோவைத் தூக்கிடறோம்’ என்று சேனல்காரரே பேசினால் கொடுக்காதீர்கள். அந்தப் பேச்சு பதிவான போன், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் அழியாமல் இருக்கட்டும். கோர்ட்டில் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, பி.எஸ்.ஏ. 63வது பிரிவுச் சான்றும் கேட்பார்கள். இது மிரட்டிப் பணம் பறிப்பது, பி.என்.எஸ். 308. அவதூறுக்குத் திருப்பி அனுப்பிய அதே நிலையம் இதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும்.