தளதளவென்று கொதிக்கும் நீரில் மீனைப் போடாதீர்கள்

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், "பொரித்த மீனைக் குறைத்து, வேகவைத்துச் சாப்பிடுங்கள்" என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். அடுத்த முறை வரும்போது நிறையப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். "சக்கை மாதிரி இருக்குதுங்க. வீட்டில் யாரும் தொடவில்லை." எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், கொதிக்கிற தண்ணீரில் போட்டு இருபது நிமிடம் விட்டதாகச் சொல்வார்கள். தவறு என் பக்கம்தான். வேகவைக்கும் விதத்தையும் நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இறைச்சியில் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் அதிகம். அது இளக நேரம் பிடிக்கும். மீனில் அது குறைவு, 60 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். 100 டிகிரியில் கொதிக்கும் நீரில் மீன் கிடந்தால் புரதம் இறுகி, உள்ளிருக்கும் சாற்றைப் பிழிந்து தள்ளிவிடும். துண்டின் மேல் வெள்ளையாகத் திரண்டு நிற்பதும் வெளியேறிய புரதம்தான்.

சரி, எப்படிச் செய்வது? அகலமான பாத்திரத்தில் மீன் மூழ்கும் அளவு நீர் எடுத்து, தட்டிய இஞ்சி, பூண்டு, முழு மிளகு, கொத்தமல்லித் தண்டு போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். தண்டைத் தூக்கி எறியாதீர்கள், மணம் அதிலும் தங்கியிருக்கிறது. அப்புறம் தீயை நன்றாகக் குறையுங்கள். கொதி அடங்கி, ஆவி மட்டும் எழும்பி, அடியில் ஒன்றிரண்டு பொடிக் குமிழிகள் தெரியும்போது மீனைப் போடுங்கள். நீர் 70 முதல் 80 டிகிரிக்குள் இருந்தால் போதும். இரண்டு சென்டிமீட்டர் தடிமனான துண்டு ஏறக்குறைய 8 முதல் 10 நிமிடத்தில் வெந்துவிடும். கண்ணாடி போலிருந்த சதை மங்கி, இதழ் இதழாகப் பிரிய வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 63 டிகிரி காட்டட்டும். மென்மை வேண்டுமென்று அரைவேக்காட்டில் இறக்காதீர்கள், அதிலும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்கும்போது.

சுவைக்காகக் கடையில் விற்கும் சூப் கட்டியை இதில் சேர்க்க வேண்டாம். அதில் உப்புதான் அதிகம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அடுப்பை அணைத்தபின் நறுக்கிய தழையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது. நீரில் கரையும் பி வைட்டமின்கள் கொஞ்சம் மீன் வெந்த நீரில் இறங்கியிருக்கும், அதையும் குடித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தழை மணம் பழைய மீனைக் காப்பாற்றாது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை குளிர்ச்சியில்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் வேதிப்பொருள் உருவாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, படபடப்பு வரும். மீனே ஒவ்வாது என்று முடிவுகட்டி, அதை அடியோடு விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மற்ற சாமான்களை முடித்துவிட்டு மீனைக் கடைசியாக வாங்குங்கள், ஐஸோடு கொண்டுவந்து நேராகக் குளிர்பெட்டியில் வையுங்கள்.